குங்குமம் வைத்த பென்

நீங்கள் மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கேட்டீர்கள், மேசை லாச்சிக்குள் கிடக்கும் அந்தக் கறுப்புப் பென் டிரைவுக்கு ஏன் "டீச்சர்" என்று பெயர் என்று. "டீச்சர எடு", "டீச்சர் எங்க போச்சு?", "டீச்சர யாரு கழட்டாம விட்டது?" என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு உங்களுக்கு ஒரே சிரிப்பு. அன்று நம் கம்ப்யூட்டர்க் கடையில் கூட்டம். நானோ ஓய்வு பெறப்போகிற அவசரத்தில் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இதில் நான் பெரிய வீராங்கனை எல்லாம் இல்லை. மடத்தனம் செய்தவளே நான்தான்.

பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுக்க, பென்னில் இன்ஸ்டாலர் எழுதி, அதைச் சொருகி மெஷினைக் கிளப்பிப் புதிய சிஸ்டம் போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். அந்த வேகம்தான் எனக்குப் பயம்.

எங்கள் முதலாளியை நீங்கள் பார்த்ததில்லை. இப்போது மகளோடு மாத்தளையில் இருக்கிறார். அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஒரு டிஸ்க்கை அழிக்கும் பொத்தானை அமுக்குமுன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இங்கிலீசில் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். முன்னால் இருப்பவர் சிங்களவர் என்றால் சிங்களத்தில். நான் மடுல்கெல்லவிலிருந்து கோர்ஸ் முடித்த சான்றிதழோடு வந்து இறங்கியவள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"என்னங்க முதலாளி, நேர்சரிப் புள்ள மாதிரி ஒப்பிக்கச் சொல்றீங்க?"

"ஒப்பிக்கிறதுன்னே வச்சுக்கம்மா. கண்ணு பழக்கத்துல தாண்டிப் போயிரும். வாய் தாண்டாது."

சரி, கிழவரின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு செய்தேன். வருடக்கணக்கில் செய்து கடைசியில் அது என் கைக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒன்று: டிஸ்க்கை அழிக்கும்போது மட்டும்தான் வாசிப்பேன். பென்னில் இன்ஸ்டாலர் எழுதும்போதும் "இதில் உள்ளதெல்லாம் அழியும், சரியா?" என்று அதே கேள்விதான் வரும். அதற்கு நான் வாயையும் திறக்கமாட்டேன், கண்ணையும் திறக்கமாட்டேன். பென் தானே, நம்ம பென் தானே என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

முதலாளிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆயுத பூசை வந்தால் கடையில் ஒரு சாமானையும் விடமாட்டார். ஸ்க்ரூ டிரைவர், ஈயம் பற்றவைக்கும் கம்பி, மவுஸ், டெலிபோன், மேசை விளக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். பென்களுக்கும்தான். பூசை முடிந்து ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், எங்கள் விரலெல்லாம் சிவப்பாக இருக்கும். ஒருமுறை லேப்டாப் எடுக்க வந்த சிங்கள ஐயா ஒருவர் தன் கீபோர்டில் சிவப்பைப் பார்த்துப் பதறிப்போய் "லே த?" என்றார். இரத்தமா என்று! அதற்குப் பிறகு கஸ்டமர் சாமான்களைத் துடைத்துக் கொடுப்பது என் பொறுப்பானது.

ஆகவே அந்த ஒரு கிழமைக்குக் கடையில் கணக்கு எளிது. பொட்டு வைத்த பென் நம்முடையது, பொட்டு இல்லாதது வந்தவருடையது. இதைவிடச் சுலபமான அடையாளம் உண்டா என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பூசை முடிந்த இரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, யோகேஸ்வரி டீச்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரிய உதவியாளர். மழையில் நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு, துணிப்பையிலிருந்து லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி மேசையில் வைத்தார். அவருடைய அண்ணன் கொழும்பில் வேலை செய்த இடத்தில் கழித்துப்போட்ட லேப்டாப். மூடியின் ஒரு மூலை உடைந்து, டேப் ஒட்டியிருந்தது.

"அக்கா, பூசைக்கு வச்சு எடுத்ததுல இருந்து தொறக்கவே மாட்டேங்குது. சாமி குத்தம் ஏதும் ஆகிப்போச்சா?"

"சாமி குத்தமும் இல்ல, ஒன்னும் இல்ல டீச்சர். வயசாயிருச்சு. எனக்கும் காலையில எழும்ப இப்பிடித்தான் நேரமாகுது."

சிரித்தார். ஆனால் உடனே முகம் மாறிவிட்டது. திங்கட்கிழமை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வைக் கையளிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய் மூன்று வருடம் படித்த படிப்பின் கடைசிப் படி அது. தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் இடையில் படிப்பை விடுகிறார்கள் என்று லயம் லயமாக, வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார். ஏற்கனவே ஒரு தவணை வாங்கியாயிற்று, இனிக் கிடைக்காது. திங்கட்கிழமை கொடுத்தால் பட்டம், பட்டம் வந்தால் நிரந்தர நியமனம். கொடுக்காவிட்டால் எல்லாம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். "இன்னொரு வருசம் என்னால முடியாது அக்கா" என்றார்.

பக்கத்தில் சொருகியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு மெஷினைக் கிளப்பிப் பார்த்தேன். பழைய சிஸ்டம் பாதி தூரம் வந்து திரும்பத் திரும்ப விழுந்தது. அதற்குப் பதில் லினக்ஸ் சிஸ்டம் போட்டால் லேசாக ஓடும் என்று தெரிந்தது.

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும் டீச்சர். பரவாயில்லையா?"

"பரவாயில்ல அக்கா. முக்கியமானதெல்லாம் மாத்தி வச்சிட்டேன்."

எங்கே மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் முதல் பிழை. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. யாரோ பிரின்டருக்கு மை கேட்டார். பேசிவிட்டுத் திரும்பினேன். மேசையில் ஒரு கறுப்புப் பென், நடுவில் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எடுத்து எங்கள் மெஷினில் சொருகி, புதிய இன்ஸ்டாலரை எழுதப் போட்டேன். "எல்லாம் அழியும், சரியா?" என்று வந்தது. தட்டிவிட்டேன். டீச்சர் எதிரில் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எழுதி முடிந்ததும் பென்னை லேப்டாப்பில் சொருகினேன். மெஷின் அழகாக எழும்பி வந்தது. டீச்சருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, "அட, உசுரு வந்திருச்சு!" என்று கையைத் தட்டினார். ஒவ்வொரு படியாகப் போய்க் கடைசிப் பொத்தானுக்கு வந்தேன். பழக்கத்தில் இரண்டு கையும் மடிக்குப் போனது. வாயும் தானாகத் திறந்தது.

"டிஸ்க் முழுக்க அழிக்கப்படும். இதில் இருக்கிற ஒன்றையும் திரும்ப எடுக்க முடியாது."

"அழிஞ்சாப் போகட்டும் அக்கா" என்றார் டீச்சர். "எல்லாம் அந்தப் பென்னுலதானே இருக்கு. இப்ப சொருகி வச்சிருக்கீங்களே, குங்குமம் வச்சது."

நான் மெதுவாக லாச்சியை இழுத்தேன். உள்ளே எங்கள் பென் கிடந்தது, சந்தனமும் குங்குமமும் வைத்து. நான் லேப்டாப்பிலிருந்து கழற்றி மேசையில் வைத்ததுதான் டீச்சருடைய பென். அவரும் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தோடு லேப்டாப்பையும் பென்னையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். படிக்கிற பெண்பிள்ளை வேறென்ன செய்வார்? இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

பொய் சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த எண்ணம் தப்பிப்பது. நம் தொழிலில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, வைரஸ். "டீச்சர், உங்க பென்னுல வைரஸ் அடிச்சிருக்கு" என்றால் முடிந்தது. அவர் நம்பியிருப்பார். தன்னைத்தான் நொந்துகொண்டு பஸ் ஏறியிருப்பார். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்து அந்தப் பொத்தானையும் அமுக்கித்தானே ஆக வேண்டும்? பொய்க்காரி பாதியில் நிறுத்த முடியாது. இதை நன்றாக மனதில் வையுங்கள்.

"டீச்சர், நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். எங்க பென்னுனு நெனச்சு உங்க பென்ன அழிச்சிட்டேன்."

அவர் குனிந்து அந்தப் பென்னைத் தொட்டுப் பார்த்தார்.

"வெளையாடாதீங்க அக்கா."

"இல்ல டீச்சர்."

"சாமி கும்பிட்ட பென்னு அக்கா அது!" என்று எழுந்துவிட்டார். "நீங்க எடுத்தப்ப உள்ள இருக்கிறதப் பாக்கப் போறீங்கனு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன? மூனு வருசம் அக்கா! கையால எழுதின கொப்பியில இருக்கு, ஆனா திங்கக்கெழமைக்குள்ள எப்பிடி நான் திரும்ப டைப் பண்றது?" கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திட்டியது அத்தனையும் நியாயம்.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து பால் விடாத பிளேன்டிக் கோப்பையோடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைக்கவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. லேப்டாப் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இத அமுக்குனியா?"

"இல்ல முதலாளி. வாசிச்சேன், அவங்க சொன்னாங்க, நிப்பாட்டிட்டேன்."

"அப்ப பொழைச்சோம்." டீச்சர் பக்கம் திரும்பினார். "பென்னுக்கு மாத்தும்போது காப்பி பண்ணீங்களாம்மா, கட் பண்ணீங்களா?"

"கட் பண்ணித்தான் போட்டேன். எடம் இல்ல, எடம் இல்லனு வந்துகிட்டே இருந்திச்சு."

கட் பண்ணினால் டிஸ்க்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று நான் நினைத்தேன். ஆனால் முதலாளி தலையை ஆட்டினார். "பேர்ப் பலகையத்தான் கழட்டியிருக்கீங்க. வேற யாரும் வந்து குடியேறாத வரைக்கும் வீடு அப்பிடியேதான் நிக்கும்." பிறகு என்னிடம், "மெஷின நிப்பாட்டு. டிஸ்க்கக் கழட்டு. அதுல ஒரு எழுத்துக்கூட எழுதப்படாது" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் உங்களுக்கு விளங்கும். வெட்டி எடுத்த கோப்புகளின் பெயர்தான் டிஸ்க்கிலிருந்து போயிருந்தது. நான் அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் புதிய சிஸ்டம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பென்னில் ஏறி உட்கார்ந்தது போல.

டிஸ்க்கைக் கழற்றிக் கடை மெஷினில் வாசிப்பதற்கு மட்டும் மாட்டினோம். கோப்புகளைத் தேடும் மென்பொருள் ஓடத் தொடங்கியது. கிழட்டு டிஸ்க், இடையிடையே டக் டக் என்று முனகியது. ஒவ்வொரு முனகலுக்கும் டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். முதலாளி ஆள் அனுப்பி மரக்கறி ரொட்டி வாங்கி வைத்தார். டீச்சர் தொடவில்லை, நானும் தொடவில்லை. பென்னையும் ஒருமுறை பார்த்தோம். ஒன்றும் தேறவில்லை.

பகல் இரண்டரைக்குக் கோப்புகள் வரத் தொடங்கின. நூற்றுக்கணக்கில். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் இலக்கங்கள். பாதி குப்பை. எது ஆய்வு, எது பழைய பாடத்திட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கதிரையை இழுத்து டீச்சரை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் திறந்துகொண்டே போக, அவர் "இது இல்ல, இது இல்ல" என்றுகொண்டே வந்தார். எத்தனையாவதோ ஒன்றில் அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

திரையில் இருந்ததை வாய்விட்டு வாசித்தார். "எம் மகளுக்குக் கணக்கு நல்லா வரும் டீச்சர். கால்ல போடச் சப்பாத்துத்தான் இல்ல." அவர் கண் நிறைந்துவிட்டது. "இது மேல் லயத்து ராமாயி அக்கா சொன்னது. இதுதான் அக்கா, இதுதான் ரெண்டாம் அத்தியாயம்!"

நானும் அழுதேன். வெட்கம் என்ன, அழுதேன்.

நான்கு மணிக்குள் நான்கு அத்தியாயங்களும் அட்டவணைகளும் கிடைத்தன. முடிவுரை மட்டும் கிடைக்கவில்லை. மற்றதையெல்லாம் மாற்றிய பிறகு, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பென்னிலேயே நேரடியாக எழுதியது அது. டிஸ்க்கில் அது இருந்ததே இல்லை.

"எத்தன பக்கம் டீச்சர்?"

"ஆறு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிருவேன். நாளைக்கும் நாளன்னைக்கும் இருக்குதானே. மொதல்ல எனக்கு ஒரு மெஷின் வேணும்."

முதலாளி அலுமாரியைத் திறந்து ஒரு புதிய டிஸ்க்கை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பழையதை ஒரு துணியில் சுற்றி டீச்சர் பையிலேயே வைத்தேன். புதியதை மாட்டி, திரும்பவும் அதே பென்னைச் சொருகினேன். அதில்தானே இன்ஸ்டாலர் இருந்தது! படிகளைக் கடந்து கடைசிப் பொத்தானுக்கு வந்தேன்.

"அக்கா."

"என்ன டீச்சர்?"

"கைய மடியில வைங்க. வாசிங்க."

வைத்தேன். வாசித்தேன். வகுப்பில் பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுல என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்ல டீச்சர். புது டிஸ்க்."

"எல்லா அத்தியாயமும் எங்க இருக்கு?"

"எங்க மெஷினில ஒரு காப்பி. இந்தப் புதுப் பென்னுல ஒரு காப்பி. உங்க பேர எழுதிப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கேன், பாருங்க."

அதையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சரி, தள்ளுங்க. நானே அமுக்குறேன்" என்று சொல்லி அமுக்கினார்.

கலஹா வழியாக ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு டீச்சர் ஓடும்போது அவருடைய பழைய பென்னை நீட்டினேன். வாங்கவில்லை. "அதுல இப்ப உங்க சாமான்தானே இருக்கு, நீங்களே வச்சுக்கோங்க. பாக்கும்போதெல்லாம் என் நெனப்பு வரட்டும்" என்றார். ஆசீர்வாதம் மாதிரியும் இருந்தது, சாபம் மாதிரியும் இருந்தது. ஒரு பிளாஸ்டர் துண்டில் "டீச்சர்" என்று எழுதி அன்றைக்கே அதில் ஒட்டினேன்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பேராதனையிலிருந்து அழைப்பு வந்தது.

"குடுத்துட்டேன் அக்கா."

"முடிவுரை டீச்சர்?" என்றேன்.

"முடிவுரையத் திரும்ப எழுதினேன். மொத எழுதினதவிட நல்லா வந்திருக்கு. ஆனா அதுக்காக உங்களுக்குத் தேங்க்ஸ் எல்லாம் சொல்லமாட்டேன்."

"வேணாம் டீச்சர், சொல்லவே வேணாம்!" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிள்ளைகளே, அந்த நாளை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் என்னைக் காப்பாற்றவில்லை. மெஷினில் என்ன நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்குள் யாருடைய என்ன இருக்கிறது என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறந்ததால்தான் அவர் வாயைத் திறந்தார். முதலாளி ஏன் தமிழில் சொல், சிங்களத்தில் சொல் என்று உயிரை வாங்கினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வாசிப்பது எனக்காக என்று நினைத்திருந்தேன், அது அவர்கள் கேட்பதற்காக.

ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்த வேண்டாம். ஆனால் வருகிறவர் கையைவிட்டு ஒரு சாமான் மேசைக்கு வந்தால் அந்த நிமிடமே பெயர் எழுதி ஒட்டுங்கள், டெலிபோன் அடித்தால் அடிக்கட்டும். "மாத்தி வச்சிட்டேன்" என்று யாராவது சொன்னால், எங்கே என்று கேளுங்கள், கட்டா காப்பியா என்றும் கேளுங்கள். தப்பு நடந்தால் முதலில் கையை எடுங்கள், அடுத்து உண்மையைச் சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த டீச்சர் இப்போது அதே பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆசிரியை. உங்கள் மேசையில் மூடி உடைந்து, டேப் ஒட்டி, நான்கு பழைய லேப்டாப் அடுக்கியிருக்கிறதே, யாருடையது என்று நேற்றுக் கேட்டீர்கள். அவர் அனுப்பியதுதான். எங்கெங்கோ கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காம். ராமாயி அக்காவின் மகளும் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். வியாழக்கிழமை அவரே வருவார். கதிரையைப் போட்டு எதிரில் உட்காருவார். லாச்சியில் இருக்கிற "டீச்சர்" பென்னை எடுத்துச் சொருகுங்கள். கடைசிப் பொத்தான் வரும்போது கையை மடியில் வைத்துச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்காமல் அமுக்கப் பார்த்தால், அவர் கையில் அடித்தாலும் அடிப்பார்.